தறிச் சத்தத்தில் ஒரு பாட்டு

கோடை விடுமுறையில் தமிழ் டீச்சரைச் சும்மா விட மாட்டார்கள். கணக்கு டீச்சருக்கு டியூஷன் இருக்கும், சயின்ஸ் டீச்சருக்குப் பேத்தி பிறந்திருக்கும், இங்கிலீஷ் டீச்சர் போனையே எடுக்க மாட்டார். தமிழ் டீச்சர்தான் வீட்டில் வெட்டியாக உட்கார்ந்திருப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஏப்ரல் கடைசியில் ஹெச்.எம். கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார். பதின்வயது வாசகர்களுக்கான செவ்வியல் இலக்கியக் கோடை முகாம். இருபது நாள். இடம், திருத்தணி நூலகத்தின் மாடி. பொறுப்பு, நான்.

"வேற யாரும் இல்லையா சார்?" என்றேன்.

"நீங்க செஞ்சாதான் மேடம் நல்லா இருக்கும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே என்னை இத்தனை வருஷமாக வேலை வாங்கிவிட்டார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. இரண்டு முட்டியும் படிக்கட்டைப் பார்த்தாலே அழும். மாடியென்றால் இருபத்திரண்டு படி. மலைக்கு ஏறுகிறவர்களாவது புண்ணியத்துக்கு ஏறுகிறார்கள், எனக்கு அதுவும் இல்லை.

கத்திரி வெயில் என்றால் எங்கள் ஊர் வெயில்தான். பாறையெல்லாம் காய்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கும் தரையில் கால் வைக்க முடியாது. நூலக மாடியில் மூன்று ஃபேன். ஒன்று சுற்றும், ஒன்று சத்தம் மட்டும் போடும், ஒன்று நின்றே போய்விட்டது. முப்பது பிள்ளைகளின் பெயர் பட்டியலில் இருந்தது. முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். நாலாம் நாள் பதினோரு பேர். கிருத்திகை அன்று மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்த வெளியூர்க்காரர்கள் அதைவிட அதிகம் பேர் மாடியேறி வந்தார்கள், "பாத்ரூம் எங்கங்க இருக்கு?" என்று கேட்க.

தினமும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பேனர் தெரிய வேண்டும், பிள்ளைகள் கையில் புத்தகம் தெரிய வேண்டும், முகத்தில் ஆர்வம் தெரிய வேண்டும். ஆர்வத்துக்கு நான் எங்கே போவேன்? "ஒரு நிமிஷம் சிரிச்சிக்கினு புக்கைப் பாருங்கடா" என்று கெஞ்சுவேன். போட்டோ எடுத்து முடித்ததும் எல்லா முகமும் பழையபடி தொங்கிவிடும். என் முகமும்தான்.

அந்தப் பதினோரு பேரில் இரண்டு பெண்கள் அக்கா தங்கை. பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். இரண்டு பேரும் எங்கள் பள்ளிதான். ஆனால் நான் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு மட்டும் எடுப்பவள், அதனால் அதற்கு முன்னால் முகம்கூடத் தெரியாது. அக்கா பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். தங்கை ஒன்பதாவது போகிறவள். வீட்டில் விசைத்தறி, லுங்கி நெய்கிறார்கள். இரண்டு பேரும் எப்போது பேசினாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். "ஏம்மா, நான் என்ன செவிடா? மெதுவாப் பேசு" என்று முதல் நாளே சொன்னேன். அக்கா முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு பேரையும் பேசுகிறார்கள் என்று பிரித்து, ஒருத்தியை ஜன்னலோரம், ஒருத்தியைக் கதவோரம் உட்கார வைத்தேன். நான் பழம்பாட்டு ஒன்றுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு வாயும் அசைகிறது. சத்தமே இல்லை. தங்கை சிரிக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்.

"என்ன, என்னையே நக்கல் பண்றீங்களா?"

தங்கைதான் எழுந்தாள். "இல்ல டீச்சர், எங்க ஊட்ல இப்படித்தான் பேசுவோம்."

புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நூலக ஊழியர் குறுக்கே வந்தார். அரக்கோணத்துக்காரர், மெக்கானிக் குடும்பத்தில் தப்பிப் பிறந்து புத்தகத்துக்கு வந்தவர். "ஆமா மேடம். தறி ஓடிக்கினு இருந்தா யார் பேசறதும் காதுல விழாது. வாயைப் பார்த்தே பேசிக்குவாங்க. எங்க ஒர்க்‌ஷாப்ல கையைக் காட்டுவோம், இவங்க வாயைக் காட்டுவாங்க. அவ்ளோதான்."

சரி, பார்த்துவிடலாம் என்று அக்காவைக் கூப்பிட்டு, பாட்டிலிருந்து பல்லை உடைக்கிற மாதிரி ஒரு அடியைக் காட்டினேன். அவள் அதைச் சத்தமில்லாமல் உதட்டால் சொன்னாள். அந்தக் கோடியிலிருந்து தங்கை ஒரு எழுத்து பிசகாமல் உரக்கச் சொன்னாள். அர்த்தம் இரண்டு பேருக்குமே தெரியாது! பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த இருபது நாளில் நான் மனதாரச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். போட்டோ எடுக்க மறந்துபோய், குழுவில் திட்டு வாங்கினேன்.

அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். மனசில் ஏதோ கேள்வியை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் கேட்டாள்.

"டீச்சர், ப்ளஸ் ஒன்ல உங்க கிளாஸ் எந்த குரூப்புக்கு வரும்?"

"எல்லா குரூப்புக்கும் தமிழ் உண்டு. ஏன், சேரப் போறியா?"

"எங்க நைனா பத்தாவது போதும்னு சொல்லிட்டாரு. புதுசா ஒரு தறி போடுறோம். ஆள் வேணும்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அம்மா மட்டும் யோசிச்சிக்கினு இருக்காங்க. டெய்லி பஸ் ஏறிப் போயி அங்க இன்னாதான் படிக்கிறீங்கன்னு கேட்டாங்க. கடைசி நாள் வந்து நானே பார்க்கிறேன், நல்லா இருந்தா நைனாகிட்ட நான் பேசறேன்னு சொல்லியிருக்காங்க. எங்க அம்மா பேசினா நைனா கேட்டுக்குவாரு."

"அப்ப கடைசி நாள் நல்லா சொல்லணும்" என்றேன்.

"அதான் டீச்சர், பெரிய பாட்டா குடுங்க."

கொடுத்தேன். முப்பது அடிக்கு மேல் போகிற பாட்டு. ஊருக்குப் போனவன் மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், மழை வந்துவிட்டது, அவனைக் காணோம் என்று ஒருத்தி காத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். நான் தூங்கி வழிந்துகொண்டே அர்த்தம் சொன்னேன். அக்கா மட்டும் விடாமல் கேட்டாள்: "டீச்சர், அந்தம்மா ஏன் அவனைத் தேடிக்கினு போகலை?" "பாட்டில் அப்படித்தான்" என்றேன். இந்த பதிலைச் சொல்வதற்கா நான் எம்.ஏ. படித்தேன்? அசதி, என்ன செய்ய. அவள் அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் ஒரு நாலைந்து அடி மனப்பாடம் செய்துகொண்டு வருவாள். "எப்படிம்மா, வீட்டில் தறி ஓடும்போது படிக்க முடியுது?" என்று கேட்டேன். "தறிக்கு இந்தப் பக்கம் நின்னுகினு சொல்லுவேன் டீச்சர், அம்மா அந்தப் பக்கம் நெய்துகினே பார்ப்பாங்க" என்றாள். நடுவில் ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். மிட்டாய் கொண்டு வந்தாள். அவள் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்து எனக்கும் ஒரு சொட்டு உற்சாகம் வந்தது, மறுநாளே வற்றிவிட்டது.

கடைசி நாள். பத்து மணிக்கு நிறைவு விழா. சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி, நல்ல மனிதர்தான், ஆனால் வரும் வழியில் மலைக்குப் போய்விட்டு வந்தார். பிள்ளைகள் வியர்வையில் நனைந்துபோயிருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஒரே ஒரு ஃபேனும் நின்றது. போட்டோ ஒரு மணிக்குள் போயாக வேண்டும் என்று குழுவில் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். எனக்குக் காலையிலிருந்தே தலை இடி.

பெற்றோர் ஐந்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். சுவரோரம் பெஞ்சு போட்டிருந்தோம். அக்கா தங்கையின் அம்மா வந்தாள். என்னைவிடச் சின்னவள், நாற்பது இருக்கலாம். புடவை புதுசு, தலைமுடியில் மட்டும் இரண்டு மூன்று பஞ்சு இழை.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றேன்.

"ஆங், உக்கார்றேன்ங்க!" என்று போட்டாள் ஒரு சத்தம். விருந்தினர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டும் யாரைப் போல என்று தெரிந்துவிட்டது. நான் பேசப் பேச அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். பல்லில் காலையில் தின்ற கீரை ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன். இருந்தும் பார்வையை எடுக்கவில்லை. இப்படியா ஒரு மனுஷியை முறைப்பார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

"சொல்லும்போது விருந்தினரைப் பார்த்து நின்று சொல்லணும்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். அப்படித்தான் நின்றார்கள். தங்கை தன் சின்னப் பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அக்கா வந்தாள். விருந்தினரைப் பார்த்து நின்றதால் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

ஆரம்பித்தாள். முதல் பத்து அடி தண்ணீர் போல ஓடியது. விருந்தினர் தலையாட்டினார். நான் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். திடீரென்று நிறுத்தினாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. கண் ஜன்னல் பக்கம் போனது. மறுபடி தொடங்கினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே தங்கையின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக.

நாலு அடி கழித்து மறுபடி நிறுத்தினாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி அந்த உதடுகள்.

என் கண் முன்னால் வித்தை காட்டினவர்கள்தானே இவர்கள்! நானே கை தட்டினேனே, என்னிடமே அந்த வேலையைக் காட்டுகிறார்களா என்று உள்ளே பற்றிக்கொண்டது. எழுந்துவிட்டேன்.

"நிறுத்து. அந்தப் பக்கம் ஒருத்தி நின்னு எடுத்துக் குடுக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இதுக்குப் பேரு திருட்டுத்தனம். போய் உக்காரு."

"பரவாயில்ல மேடம், சின்னப் பொண்ணு, முடிக்கட்டும்" என்றார் விருந்தினர்.

"இல்ல சார், மத்த பிள்ளைங்களுக்கு நியாயம் வேணாமா?" என்றேன். நியாயம்! அந்த வார்த்தையை அன்று நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"டீச்சர், அது வந்து..." என்று தங்கை ஓடி வந்தாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். உதடு ஒரே ஒரு முறை அசைந்தது. தங்கை அப்படியே வாயை மூடிக்கொண்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

சுவரோரம் அவர்கள் அம்மா எழுந்தாள். நான் அப்போது அவளுக்கு நேராகத்தான் நின்றிருந்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள். முதல் பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. போட்டோ பன்னிரண்டு ஐம்பதுக்குக் குழுவில் போனது. கட்டை விரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

நாலு நாள் கழித்து நூலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். 'முகாம் சிறப்பாக நடைபெற்றது' என்ற இடத்தில் பேனா நின்றிருந்தது. தங்கை மட்டும் வந்தாள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பாட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். ஊழியரிடம் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள்.

"இந்தாம்மா, நில்லு. உங்க அக்கா எங்க?"

"ஊட்ல தார் சுத்துது டீச்சர்." தார் சுற்றுவது என்றால் தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் கட்டையில் சுற்றுகிற வேலை. தறி வீட்டில் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

"ப்ளஸ் ஒன் சேரலையா?"

"இன்னா கேள்வி டீச்சர் இது?" என்று சட்டென்று திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது. "அக்கா சொல்லாதன்னு சொல்லுச்சு. நான் சொல்லத்தான் போறேன். எங்க அம்மாவுக்குக் காது கேக்காது."

ஊழியர் கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார்.

"தறியிலயே இருந்து இருந்து போயிடுச்சு. வாயைப் பார்த்தா எல்லாம் புரிஞ்சிக்குவாங்க. வெளிய யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா எல்லாரும் கத்திப் பேசுவாங்க, இல்லன்னா பேசாமயே போயிடுவாங்கன்னு அம்மாவுக்குப் பிடிக்காது. அன்னிக்கு நீங்க அக்காவை அந்தப் பக்கம் பார்த்து நிக்கச் சொல்லிட்டீங்க. அம்மாவுக்கு வாய் தெரியலை. அதான் நான் அம்மாவுக்கு நேரா நின்னுகினு அக்கா சொல்றதை அப்படியே சொல்லிகினு இருந்தேன். அக்காவுக்கு நான் எடுத்துக் குடுக்கலை டீச்சர். அக்கா எனக்குக் குடுத்துச்சு."

"நடுவில் நிறுத்தினாளே?" என்றேன்.

"சொல்லிகினே வரும்போது நான் பின்தங்கிட்டேன். நான் வந்து சேர்றவரைக்கும் நின்னுச்சு."

பிள்ளை போய்விட்டாள். ஒரு அடி மறக்காமல், அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைத்தான் நான் பத்துப் பேருக்கு முன்னால் திருடி ஆக்கியிருந்தேன். அந்த அம்மாவுக்கு அன்று முழுதாகப் புரிந்த ஒரே ஆள் நான்தான். நேராக நின்றுகொண்டு, வாயைத் திறந்து, திருட்டுத்தனம் என்று சொன்னவள். முதல் நாளே அந்தப் பெண்ணிடம் 'நான் என்ன செவிடா' என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க மேடம்" என்றார் ஊழியர். "எழுதறதை அப்புறம் எழுதிக்கலாம்."

மறுநாள் பள்ளிக்குப் போய் ப்ளஸ் ஒன் விண்ணப்பம் ஒன்று வாங்கிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். மத்தியானம் இரண்டு மணி. உட்கார இடம் கிடைத்தது, அதற்காக ஒரு சந்தோஷம்கூட வரவில்லை. என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். முப்பது வருஷம் பேசியே பிழைத்தவளுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினதுமே தெருவெல்லாம் தறிச் சத்தம். குடத்தோடு தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி வீட்டைக் காட்ட முன்னால் நடந்தாள். முன் அறை முழுதும் இரண்டு தறி. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, இன்னொன்று புதுசு, இன்னும் நூல் ஏற்றவில்லை. ஆள் வேணும் என்று பிள்ளை சொன்னது அதற்குத்தான். அம்மா ஓடுகிற தறிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அக்கா மூலையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அப்பா நூல் வாங்கப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். தறியை நிறுத்தவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அக்கா பக்கத்தில் வந்து என் காதில் சொன்னாள்: "கத்தாதீங்க டீச்சர். கத்தினா வாய் கோணிக்கும், அம்மாவுக்குப் புரியாது. சும்மா பேசற மாதிரி பேசுங்க."

அந்த இரைச்சலில் சும்மா பேசினேன். என் குரல் எனக்குக் காதில் விழவில்லை. வெறும் வாயைத்தான் அசைத்தேன் என்று வையுங்கள். "உங்க பொண்ணு திருடலை. எனக்குத்தான் புத்தி இல்லை. அவளைப் படிக்க வைக்கணும். ஃபாரம் கொண்டு வந்திருக்கேன்." அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மட்டும் அதன் பாட்டுக்கு அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டது. பிறகு மகளைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

அக்கா என் காதுக்கு வந்தாள். "அம்மா கேக்குறாங்க, அன்னிக்கு முழுசாக் கேட்டீங்களான்னு."

"இல்லை" என்றேன்.

"அப்ப இப்ப முழுசாக் கேளுங்கன்றாங்க. அப்புறம் ஃபாரத்தைப் பத்திப் பேசலாமாம்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா தறிக்கு இந்தப் பக்கம், அம்மாவுக்கு நேராக நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஒரு எழுத்துகூட எனக்குக் காதில் விழவில்லை. தடதடவென்று தறிதான் கேட்டது. அவள் உதடு அசைகிறது, அவள் அம்மாவின் கண் அந்த உதட்டிலேயே இருக்கிறது, நடுவில் நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். எந்த அடியில் இருக்கிறாள் என்று தெரியாமல் விரலைக் குத்துமதிப்பாக நகர்த்தினேன். வகுப்பில் கவனிக்காத பிள்ளை கவனிக்கிற மாதிரி நடிக்குமே, அப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அவள் முகம் வாடியது. இன்னொரு இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். முப்பது வருஷமாக நான் பாடம் நடத்தியும் அந்த இடத்தில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உதடு நின்றது. அம்மா என் பக்கம் திரும்பி வாயை அசைத்தாள். அது எனக்கே புரிந்தது. 'சரியா?'

"ரொம்ப சரி" என்றேன், நன்றாகத் தலையை ஆட்டி. பிள்ளை எப்படிச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் அன்று சொல்லியிருப்பேன்.

அம்மா கையை நீட்டித் தறியை நிறுத்தினாள். அறை சட்டென்று அடங்கியது. அடுத்த வீட்டுத் தறி மட்டும் தூரத்தில் கேட்டது. அவள் தன் பெரிய குரலில் சொன்னாள்:

"நடுவுல ஒண்ணு விட்டுட்டா. மழை வந்துடும், அதுக்கு அடுத்தது வருமே, அது."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமா டீச்சர். விட்டுட்டேன்."

நான் குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். மழை வருகிற அடி இருந்தது. அதற்கு அடுத்த அடியும் இருந்தது. அந்த அம்மா பாட்டைப் படித்தவள் இல்லை, கேட்டவளும் இல்லை. இத்தனை நாள் தறிக்கு அந்தப் பக்கம் நின்று மகள் வாயிலிருந்தே முப்பது அடியையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

"அன்னிக்குக் கேக்காமயே தப்புன்னீங்க" என்றாள். "இன்னிக்குக் கேக்காமயே சரின்றீங்க. நீங்க எப்பத்தான் கேப்பீங்க டீச்சர்?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஒரு பொம்பளை இன்னொரு களைத்துப்போன பொம்பளையைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் மகளைப் பார்த்து, "இன்னொரு வாட்டி சொல்லு. இவங்களைப் பார்த்துச் சொல்லு" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் புத்தகத்தை மூடி மடியில் கவிழ்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன். விட்ட அடியும் அதன் இடத்தில் வந்தது.

முடிந்ததும் அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "ஃபாரத்தைக் குடுங்க. பேனா இருக்கா?" தறியின் மேல் கட்டையில் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். "அவருகிட்ட நான் பேசிக்கிறேன். புதுத் தறிக்கு வேற ஆள் பார்த்துக்கலாம். ஆனா ஒண்ணு. அத்தனை பேர் எதிரே திருட்டுத்தனம்னு சொன்னீங்க. ஸ்கூல் தொறந்தா அத்தனை பேர் எதிரே இல்லைன்னும் சொல்லணும்."

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை நான் வாயைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சொல்றேன்" என்றேன். சத்தம் இல்லாமல், உதட்டால் மட்டும்.

"ஆங், சரி" என்று சொல்லிவிட்டுத் தறியைப் போட்டாள்.